எழுதும் கை யாருடையது?

வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. காடும் சிறிய உயிரியல் பூங்காவும் மழைக்கால அருவியும் உள்ள இடம். அங்கே இறங்கும் நீர் நாகநதியாகிக் கண்ணமங்கலம், ஆரணிப் பக்கம் ஓடி, செய்யாற்றின் வழியே பாலாற்றைச் சேர்கிறது. அந்தப் பாலாற்றுப் படுகையிலேயே, வடக்கிலும் மேற்கிலும், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அமிர்தி ஓடையில் ஒரு பாட்டில், ஆம்பூர்ப் பக்கத்துக் கிணற்றில் ஒரு பாட்டில் என்று மொண்டு வந்து அருகருகே வைத்தால், பல நேரங்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கரைந்த உப்புக்கு நிறம் கிடையாது. லிட்டருக்குச் சில மில்லிகிராம் குரோமியத்தைப் பார்வையால் பிடிக்க முடியாது. வேறுபாட்டைச் சொல்ல எண் வேண்டும்.

இந்தப் பகுதியின் பெரிய வழக்கே எண்களின் மேல்தான் நின்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991 இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிருக்கிறது என்ற கணக்கை அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டியது. கணக்கெடுத்தது வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். எண் மட்டும் வந்திருந்தால் எதிர்த்தரப்பு அதை ஊதித் தள்ளியிருக்கும். யார் அளந்தார், யார் எழுதினார் என்பது கூடவே வந்ததால்தான் அது சான்றாயிற்று.

இன்று அளப்பதும் எழுதுவதும் பெருமளவு கருவிகளின் வேலை. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5 அன்று, அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பதினேழில் தோல் பதனிடுதலும் ஒன்று. கழிவுநீரை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்கிற ஆலைகளில் ஓட்டமானியும் கேமராவும் வைக்கச் சொன்னார்கள். கருவி அளக்கிறது, கணினி அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. எங்கே வைத்துக்கொள்கிறது? ஒரு கோப்பில். அந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதை வெறும் ஒன்பது பிட்டுகள் தீர்மானிக்கின்றன. ஒன்பது பிட்டுகளையும் அவற்றைச் சோதிக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டையும் பற்றியது இந்த அத்தியாயம்.

ஒன்பது இடங்கள்

ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் வரும் அளவீடுகள் ஓர் எழுத்துக் கோப்பில் வரி வரியாகச் சேர்கின்றன: தேதி, நேரம், அமிலத்தன்மை, குரோமியம். சுத்திகரித்த நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரு நாள் கோப்பில் 2.4 என்று விழுகிறது. யாரோ அதை 1.4 ஆக்குகிறார்கள். மாறியது ஒரே ஓர் இலக்கம். கோப்பின் அளவு ஒரு பைட்கூடக் கூடவில்லை, குறையவில்லை. பார்த்தால் தெரியாது. எனவே கேட்க வேண்டியது, அப்படி மாற்றும் அனுமதி யாருக்கெல்லாம் இருந்தது என்பதுதான்.

டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்' என்ற கட்டளையை '-எல்' என்ற தெரிவோடு கொடுத்தால், ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் பத்து எழுத்துகள் தெரியும். முதல் எழுத்து அது கோப்பா, அடைவா என்று சொல்லும். மீதி ஒன்பதும் மும்மூன்றாகப் பிரியும்: முதல் மூன்று உரிமையாளருக்கு, அடுத்த மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று மற்ற எல்லோருக்கும். ஒவ்வொரு மூன்றிலும் ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எக்ஸ் என்றால் இயக்கலாம். எழுத்துக்குப் பதில் சிறுகோடு இருந்தால் அந்த அனுமதி இல்லை.

இதையே எண்ணாகவும் எழுதுவார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம் என்றால் 6. குழு படிக்க மட்டும் என்றால் 4. மற்றவர்களும் படிக்க மட்டும் என்றால் இன்னொரு 4. ஆக 644. குழுவும் எழுதலாம் என்றால் 664. யாரும் எழுதலாம் என்றால் 666. எல்லோரும் எல்லாம் செய்யலாம் என்றால் 777. புதிய கோப்பு பிறக்கும்போதே என்ன அனுமதியோடு பிறக்கிறது என்பதை 'யூமாஸ்க்' என்ற அமைப்பு முடிவு செய்கிறது. அது 022 ஆக இருந்தால் 666 இலிருந்து குழுவின் எழுதும் பிட்டும் மற்றவர்களின் எழுதும் பிட்டும் நீங்கி 644 மிஞ்சும். 002 ஆக இருந்தால் 664. கோப்பு உருவாக்கியவர் எதையும் யோசிக்காமலே இந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. மூன்று வகுப்புகளில் ஒருவருக்குப் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் உரிமையாளராக இருந்தால் முதல் மூன்று எழுத்துகள் மட்டுமே உங்களைக் கட்டுப்படுத்தும். குழுவில் இருந்தால் நடு மூன்று. அதனால் அனுமதி எண் 077 என்றிருக்கும் ஒரு கோப்பை ஊரே திறக்கலாம், உரிமையாளர் மட்டும் திறக்க முடியாது. விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி.

அடைவுகளில் இந்த எழுத்துகளுக்குப் பொருள் சற்று மாறும். அமிர்திக் காட்டு நுழைவாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை வாயிலில் நின்று படிப்பது ஓர் அனுமதி. வாயிலைத் தாண்டி உள்ளே போவது வேறோர் அனுமதி. அடைவுக்கு ஆர் என்பது முதலாவது, எக்ஸ் என்பது இரண்டாவது. ஆர் இல்லாமல் எக்ஸ் மட்டும் இருந்தால், பட்டியல் கிடைக்காது. ஆனால் போக வேண்டிய இடத்தின் பெயர் முன்பே தெரிந்தவர் நேரே போய்விடலாம். டபிள்யூ என்பதோ உள்ளே புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைக்கவும், இருப்பதை அகற்றவும் உள்ள அனுமதி.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு கோப்பை நீக்குவதற்கு அந்தக் கோப்பின் மேல் எழுதும் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் அடைவின் மேல் இருந்தால் போதும். அளவீட்டுக் கோப்புக்கு 444 கொடுத்து, யாரும் தொட முடியாது என்று நிம்மதியாக இருக்கிறார் ஒருவர். அடைவு 777. இன்னொருவர் பழைய கோப்பை நீக்கிவிட்டு, அதே பெயரில் தன் கோப்பை வைத்துவிட்டுப் போகலாம். எல்லோரும் எழுத வேண்டிய தற்காலிக அடைவுகளுக்கு இதனால்தான் 1777 என்று நான்கு இலக்க அனுமதி உண்டு. முன்னால் நிற்கும் அந்த 1, அடைவு பொதுவானாலும் அவரவர் கோப்பை அவரவர்தான் நீக்கலாம் என்று சொல்லும் பிட்.

திறந்து கிடந்த கடவுச்சொற்கள்

ஒரே கணினியைப் பலர் பகிரத் தொடங்கியதும் இந்தச் சிக்கலும் தொடங்கியது. அமெரிக்காவின் எம்ஐடியில் 1961 இல் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினிகளில் முன்னோடி. 1966 இல் ஒரு நாள் அதில் உள்நுழைந்த அனைவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதில் எல்லாருடைய கடவுச்சொற்களும் திரையில் வந்தன. இரண்டு நிர்வாகிகள் ஒரே அடைவில், ஒரே நேரத்தில், ஒரே திருத்திச் செயலியைத் திறந்திருந்தார்கள். ஒருவர் அறிவிப்புக் கோப்பைத் திருத்தினார், மற்றவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். திருத்தி இரண்டு பேருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை வைத்துக்கொண்டதால், இரண்டும் இடம் மாறிவிட்டன. ஓர் அடைவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதுவார் என்று அமைப்பை வடிவமைத்தவர்கள் எண்ணியிருந்தார்கள்.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969 இல் தொடங்கிய யூனிக்ஸ், எழுதும் கை எது என்ற கேள்விக்குக் கோப்பிலேயே பதில் வைத்தது. 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டில் உரிமையாளர், மற்றவர் என்ற இரண்டே வகுப்புகள். குழு சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. இன்று லினக்ஸ் கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளத்திலும் மேக் கணினியிலும் இருப்பது அதே ஒன்பது பிட் ஏற்பாடுதான்.

யூனிக்ஸின் தொடக்கக் காலத்தில் கடவுச்சொல் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடவுச்சொல் நேரடியாக இல்லாமல் குழப்பிய வடிவில் இருப்பதால் பரவாயில்லை என்று நினைத்தார்கள். ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979 இல் வெளியிட்ட கட்டுரை அந்த நினைப்பைத் தகர்த்தது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது நூற்றுக்கு 86, எளிதில் ஊகிக்கக்கூடியவை. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய முதல் பெரிய புழு நிரல், தான் நுழைந்த கணினியின் கடவுச்சொல் கோப்பைப் படித்து, கையோடு கொண்டுவந்த 432 சொற்களைப் பொருத்திப் பார்த்தது. அதை எழுதிய மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ், அந்த 1979 கட்டுரையாளரின் மகன்! அந்தக் காலகட்டத்தில்தான் குழப்பிய கடவுச்சொற்கள் ரூட் என்ற தலைமைப் பயனர் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்புக்கு, 'ஷேடோ'வுக்கு, மாறத் தொடங்கின.

தாம்சனின் சொந்தக் கடவுச்சொல்லும் அப்படித் திறந்து கிடந்த ஒரு பழைய கோப்பில் இருந்தது. 2019 அக்டோபரில் ஒருவர் அதை உடைத்துப் பார்த்தபோது, சதுரங்கத்தில் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே நகர்த்தும் தொடக்க நகர்வு அது என்று தெரிந்தது. சதுரங்கக் கணினி கட்டியவருக்கு ஏற்ற கடவுச்சொல்.

மேகக் கணிமைக் காலத்திலும் கதை மாறவில்லை. பீம் பணப் பரிமாற்றச் செயலியைப் பரப்புவதற்காக இயங்கிய ஓர் இணையதளத்தின் சேமிப்பகம், யாரும் படிக்கும்படி திறந்திருந்ததாக விபிஎன்மென்டர் ஆய்வாளர்கள் 2020 மே மாத இறுதியில் அறிவித்தார்கள். சுமார் 70 லட்சம் பதிவுகள் என்பது அவர்கள் கணக்கு. செயலியின் தரவு எதுவும் கசியவில்லை என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் மறுத்தது. சர்ச்சை எப்படி முடிந்தாலும், இப்படிப்பட்ட சேமிப்பகங்களில் பிரச்சினை பெரும்பாலும் ஓர் அனுமதி அமைப்புதான். பூட்டை யாரும் உடைக்க வேண்டியிருப்பதில்லை.

செய்தித்தாளில் வருபவையெல்லாம் படிக்கும் அனுமதியால் நேர்ந்த கசிவுகள். ரகசியம் வெளியே போனால் கூச்சல் எழும். எழுதும் அனுமதியால் நேரும் கேட்டில் கூச்சலே இருக்காது. எதுவும் காணாமல் போவதில்லை. எண் மட்டும் வேறாகிறது. ஆற்று நீரின் அளவீடு ரகசியமே அல்ல. அதை ஊரெல்லாம் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். எழுதுவோர் பட்டியல்தான் சிறியதாக இருக்க வேண்டும். ஆகவே அங்கே சரியான எண் 644. 600 வேண்டியதில்லை, 666 கூடவே கூடாது.

ஐந்து வரி ஸ்கிரிப்ட்

ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒருவர் கண்ணால் பார்த்து முடிக்க முடியாது. புழு நிரலின் அதிர்ச்சிக்குப் பிறகு, 1990 இல் டான் ஃபார்மரும் ஜீன் ஸ்பாஃபோர்டும் 'காப்ஸ்' என்ற தொகுப்பை உலகுக்குக் காட்டினார்கள். பெரும்பாலும் சின்னச் சின்ன ஷெல் ஸ்கிரிப்டுகள். எந்த முக்கியக் கோப்பில் எல்லோரும் எழுதலாம், எந்த அடைவு திறந்திருக்கிறது, எந்தக் கடவுச்சொல் ஊகிக்கத்தக்கது என்று அவை தேடும். தேடிக் கண்டதை அறிவிக்கும். எதையும் தானாகத் திருத்தாது. நிர்வாகிகளில் பலர் தங்கள் கணினியின் உண்மை நிலையை முதன்முதலாகப் பார்த்தது அந்த அறிக்கைகளில்தான்.

அதே வேலையைச் சிறிய அளவில் நம் ஆய்வகக் கணினிக்குச் செய்யலாம். ஐந்து வரிகள் போதும்.

முதல் வரி: ஹாஷ் குறி, ஆச்சரியக்குறி, அதையடுத்து ஷெல் இருக்கும் முகவரி. இந்த ஸ்கிரிப்டை எந்த நிரல் இயக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

இரண்டாம் வரி: சோதிக்க வேண்டிய அடைவின் பெயரை ஒரு மாறியில் வைத்துக்கொள்வது.

மூன்றாம் வரி: 'ஃபைண்ட்' கட்டளை அந்த அடைவுக்குள் புகுந்து, கோப்பு, அடைவு ஆகியவற்றில் '-பெர்ம் /0022' என்ற நிபந்தனைக்கு உட்பட்டவற்றைத் தேடுவது. குழுவின் எழுதும் பிட் 0020, மற்றவர்களின் எழுதும் பிட் 0002.

நான்காம் வரி: அகப்பட்ட ஒவ்வொன்றுக்கும் 'ஸ்டாட்' கட்டளையால் அனுமதி எண், உரிமையாளர், குழு, பெயர் ஆகிய நான்கையும் ஒரே வரியில் அச்சிடுவது.

ஐந்தாம் வரி: ஒன்றும் அகப்படவில்லை என்றால் 0, ஏதாவது அகப்பட்டால் 1 என்ற எண்ணோடு வெளியேறுவது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் வேறொரு நிரல் எச்சரிக்கை அனுப்பும்.

எழுதி முடித்து, 'சிஹெச்மாட்' கட்டளையால் ஸ்கிரிப்டுக்கு 755 கொடுத்துவிட்டால் ஓடும். ஆனால் இந்த ஐந்து வரிகளுக்குள் கண்ணிகள் சில உண்டு.

ஃபைண்டில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் குறி முதல் கண்ணி. சாய்கோடு வைத்தால், இந்தப் பிட்டுகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்று பொருள். சிறுகோடு வைத்தால் எல்லாமே இருக்க வேண்டும். சிறுகோட்டை வைத்தவரின் வலையில் 664 கோப்பு விழாது; 666 மட்டும் விழும். குறி எதுவும் வைக்காமல் விட்டால், அனுமதி மிகச் சரியாக 022 ஆக உள்ள கோப்பு, அதாவது உரிமையாளர் படிக்கவே முடியாத ஒரு விநோதம், மட்டும்தான் கிடைக்கும். பெரும்பாலும் எதுவுமே கிடைக்காது. வெறுமையான அறிக்கையைப் பார்த்து எல்லாம் நலம் என்று நம்புவதுதான் அதில் உள்ள ஆபத்து.

அடுத்தது, ஷெல்லின் 'டெஸ்ட்' கட்டளை. அதற்கு '-டபிள்யூ' என்ற தெரிவு உண்டு. இந்தக் கோப்பில் எழுத முடியுமா என்று கேட்கும். பார்க்க எளிதாக இருக்கிறதே என்று பலர் அதைத்தான் எடுப்பார்கள். அது கேட்பது, இந்த நேரத்தில் இதை ஓட்டும் ஆள் எழுத முடியுமா என்பதை மட்டும். ரூட்டாக ஓட்டினால் சாதாரணமாக எல்லாக் கோப்புக்கும் ஆம் என்று வரும். யார் யாரெல்லாம் எழுதலாம் என்று அறிய, அனுமதி எண்ணையே ஸ்டாட் மூலம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இணைப்புக் கோப்புகள். வேறொரு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு லினக்ஸில் எப்போதும் 777 என்றே தெரியும். அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை; அது சுட்டும் கோப்பின் அனுமதிதான் செல்லும். இவற்றை வடிகட்டாவிட்டால் அறிக்கை பொய் எச்சரிக்கைகளால் நிரம்பி, மூன்றாம் நாள் அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

பெயருக்குள் இடைவெளி இருந்தால் இன்னொரு சிக்கல். 'பாலாறு மார்ச்' என்று ஒரு கோப்பு இருந்து, ஸ்கிரிப்டில் மாறியை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் விட்டால், ஷெல் அதைப் பாலாறு, மார்ச் என்று இரண்டு கோப்புகளாக எண்ணிக்கொண்டு இரண்டையும் காணவில்லை என்று சொல்லும். தமிழ் எழுத்துகளால் மட்டும் சிக்கல் வருவதில்லை. யூனிக்ஸுக்குக் கோப்புப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர எதுவும் இருக்கலாம். அந்த வரிசைக்குள் உலக மொழிகள் எல்லாம் பொருந்தும்படி யூடிஎஃப்-8 குறியாக்கத்தை 1992 இல் வடிவமைத்தவர் அதே கென் தாம்சன், ராப் பைக்குடன் சேர்ந்து. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட். 'கொ' என்பது ககரமும் உயிர்மெய்க் குறியுமாக 6 பைட். லினக்ஸில் வழக்கமாகப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால், ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்குக் கிடைக்கும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நமக்கு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி ஸ்கிரிப்டின் சொந்த அனுமதி. இதை நாள்தோறும் காலை ஆறு மணிக்கு ரூட்டின் பெயரில் ஓடும்படி 'கிரான்' பட்டியலில் சேர்க்கிறோம். ஸ்கிரிப்டே 777 ஆக இருந்தால்? யாரும் அதில் ஒரு வரி சேர்த்துவிட்டு, காலை ஆறு மணிவரை காத்திருந்தால் போதும்; அந்த வரி ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். காவலுக்கு வைத்ததே கதவைத் திறந்துவிடும். காப்ஸ் தொகுப்பு, கிரான் ஓட்டும் கோப்புகளைத் தனியாகச் சோதித்தது இதற்காகத்தான்.

இதையெல்லாம் செய்துபார்க்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. சென்னை சி-டாக் 2007 இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் முழுக்க இலவசம். அதன் பின்னணியில் இருந்த கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தில் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் பங்காளி. 2012 இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், லினக்ஸ் கட்டளைகளைத் தமிழிலேயே சொல்லித் தந்திருக்கிறது. அரசு கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தால் அதுவே போதும்.

ஸ்கிரிப்ட் பார்க்க முடியாதது

அறிக்கை சுத்தமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கோப்பும் 644, எல்லா அடைவும் 755. அளவீடு இனி நம்பகமானதா?

முதலில், எழுதும் அனுமதி என்பதற்குள் இரண்டு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. இன்றைய வரியைக் கடைசியில் சேர்ப்பது ஒன்று. போன மாத வரியைத் திருத்துவது இன்னொன்று. அளவீட்டுப் பதிவேட்டுக்கு முதலாவது அன்றாடத் தேவை, இரண்டாவது நடக்கவே கூடாதது. ஒன்பது பிட்டுகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் ஒரே டபிள்யூ. லினக்ஸில் 'சிஹெச்அட்டர்' என்ற தனிக் கட்டளையால் ஒரு கோப்பைச் சேர்க்க மட்டும் உரியதாக மாற்றலாம். அதை ரூட் மட்டுமே செய்யவும் நீக்கவும் முடியும். அந்தக் குறி எல்எஸ் காட்டும் பத்து எழுத்துகளில் வராது. நம் ஐந்து வரி ஸ்கிரிப்டும் அதைப் பார்க்காது.

அடுத்தது, பென் டிரைவ். ஆய்வகத்திலிருந்து அலுவலகத்துக்குக் கோப்பு பெரும்பாலும் போவது அதில்தான். கடையில் வாங்கும் பென் டிரைவில் இருக்கும் ஃபேட் வகைக் கோப்பு முறையில் உரிமையாளர், குழு, அனுமதி எதையும் எழுதிவைக்க இடமே இல்லை. 644 என்று கவனமாகப் பூட்டிய கோப்பு, பென் டிரைவில் ஏறியதும் பூட்டை இழந்துவிடும். மறுமுனையில் அதைச் செருகுபவர் எந்த எண்ணையும் மாற்றலாம். அனுமதி என்பது கோப்போடு பயணம் செய்வதில்லை. அது தங்கியிருக்கும் கணினியின் ஏற்பாடு.

மூன்றாவது, 'செட்யூஐடி' பிட். சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். ஆனால் ஷேடோ கோப்பில் அவர் எழுத முடியாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் டென்னிஸ் ரிட்சி: ஒரு நிரலுக்கு இந்தப் பிட்டை வைத்துவிட்டால், அதை யார் ஓட்டினாலும் அது நிரலின் உரிமையாளருடைய அதிகாரத்தோடு ஓடும். 1979 இல் அதற்கு 4,135,240 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நேர்த்தியான தீர்வு, ஆனால் அந்த நிரலில் பிழை இருந்தால் கதை முடிந்தது. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இருந்த 'பிகேஎக்ஸெக்' என்ற நிரலில் 2009 முதலே ஒரு பிழை இருந்தது. செட்யூஐடி பிட் உள்ள நிரல் அது. குவாலிஸ் நிறுவனம் 2022 ஜனவரி 25 அன்று வெளிப்படுத்தும்வரை, கணினியில் கணக்குள்ள எவரும் அதன் வழியே ரூட் ஆகியிருக்கலாம். அதன் அனுமதி எண்ணில் ஒரு குறையும் இல்லை. ஸ்கிரிப்ட் எத்தனை முறை ஓடியிருந்தாலும் அந்த எண்ணைச் சரி என்றே காட்டியிருக்கும்.

இவை மூன்றுக்கும் மேலாக, உரிமையாளர் இருக்கிறார். ஒன்பது பிட்டுகளும் மற்றவர்களிடமிருந்து கோப்பைக் காப்பதற்கு. உரிமையாளரிடமிருந்து காப்பதற்கு அல்ல. அனுமதி 444 என்றிருந்தாலும் அவர் அதை 644 ஆக்கலாம், ஓர் இலக்கத்தைத் திருத்தலாம், மீண்டும் 444 ஆக்கலாம். காலை ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ரூட்டுக்கோ இந்தச் சிரமமும் இல்லை. திருத்திய நேரம் பதிவாகுமே என்றால், அந்த நேரத்தைப் பின்னுக்குத் தள்ள 'டச்' என்ற ஒரே கட்டளை போதும்.

ஜீன் கிம் என்ற மாணவரும் ஸ்பாஃபோர்டும் 1992 இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எழுதிய 'டிரிப்வயர்' இந்த இடத்தில்தான் ஓர் அடி முன்னே வைத்தது. அனுமதியை மட்டும் பாராமல், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சுருக்கக் குறியெண்ணைக் கணித்து வைத்துக்கொள்ளும். 2.4 என்பது 1.4 ஆனால், கோப்பின் அளவு மாறாவிட்டாலும் அந்தக் குறியெண் முற்றிலும் வேறாகிவிடும். நம் ஸ்கிரிப்டிலும் 'ஷா256சம்' கட்டளையால் ஒரு வரி சேர்த்து இதைச் செய்யலாம். நேற்றுவரை முடிந்த கோப்பின் குறியெண்ணை இன்று மறுபடி கணித்து ஒப்பிட்டால் போதும். ஆனால் நேற்றைய குறியெண் அதே கணினியில் கிடந்தால், கோப்பைத் திருத்தியவர் அதையும் சேர்த்தே திருத்திவிடுவார். டிரிப்வயரை எழுதியவர்கள் ஒப்பீட்டுப் பட்டியலை, எழுத முடியாத ஊடகத்திலோ வேறு இடத்திலோ வைக்கச் சொன்னது அதனால்தான்.

ஆகக் கடைசியில் கணினிக்குள் தேடிய பதில் கணினிக்கு வெளியே போகிறது. ஓர் ஆலையின் அளவீட்டை ஆலையின் கணினியிலேயே எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், அந்தப் பூட்டின் சாவி ஆலையிடம்தான் இருக்கும். இணையவழித் தொடர் கண்காணிப்பின் சாரம் இதுவே: எண் பிறந்ததும் அதன் ஒரு நகல், ஆலைக்கு எழுதும் அனுமதி இல்லாத வாரியத்தின் கணினிக்குப் போய்விட வேண்டும். கருவியின் முனையையே யாராவது நல்ல நீர் வாளிக்குள் வைத்துவிட்டால்? அதை எந்த அனுமதி எண்ணும் தடுக்காது. அதற்குத்தான் கேமராவும், நேரில் வந்து நீர் மொண்டு வேறோர் ஆய்வகத்தில் பரிசோதிக்கும் மனிதர்களும் தேவைப்படுகிறார்கள். இரண்டு இடத்தில், இரண்டு வேறு கைகளால் எழுதப்பட்ட எண்கள் ஒத்துப்போனால் நம்பலாம், ஒத்துப்போகாவிட்டால் விசாரிக்கலாம். 1996 வழக்கில் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குக்கு எடை வந்ததும் அந்தக் கை டேனரிகளுடையதாக இல்லாததால்தான்.

அப்படியானால் ஸ்கிரிப்ட் வீண் வேலையா? இல்லை. கவனக்குறைவால் திறந்து கிடக்கும் கோப்பையும் அவசரத்தில் யாரோ கொடுத்துவிட்டுப் போன 777 ஐயும் அது தினமும் பிடிக்கும். எழுதக்கூடியவர் பட்டியலை நூறு பேரிலிருந்து ஒருவராகக் குறைக்கும். நூறு பேர் எழுதக்கூடிய கோப்பில் தவறு நேர்ந்தால் யாரையும் கேட்க முடியாது. ஒருவர் மட்டும் எழுதக்கூடியதில் நேர்ந்தால், கேள்விக்கு ஒரு முகவரி இருக்கிறது. ஒன்பது பிட்டுகளால் ஆகக்கூடிய உதவி அவ்வளவுதான். அதுவே சிறிய உதவி அல்ல.

எனவே ஐந்து வரிகளுக்குப் பிறகு ஆறாவதாக ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிக்கையையும் குறியெண்ணையும் தினமும் வேறொருவரின் கணினிக்கு அனுப்பும் வரி. அந்த வேறொருவர், கோப்பின் உரிமையாளருக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது. முதல் ஐந்து வரிகளை எந்தக் கல்லூரி மாணவரும் ஒரு மாலையில் எழுதிவிடுவார். ஆறாவது வரியில் யாருடைய முகவரியைப் போடுவது என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும்.